ஹிக்கியின் கெஜட்டும் மாமியின் இட்லி மாவும்

நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை மின்னஞ்சலில் ஒரு செய்திமடல் அனுப்புகிறோம். வங்கிக்காரன் என்பதால் கணக்கு வழக்கு என் தலையில். போன மாதம் லேக் மார்க்கெட் பக்கம் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் மாமி ஒருவர், "இதுல விளம்பரம் போட எவ்வளவுப்பா?" என்று கேட்டார். பி.காம். படித்து, இருபது வருடமாக வட்டி விகிதம் பார்ப்பவனுக்குப் பதில் தெரியவில்லை :-)

அவர் கேட்ட ஊர் சாதாரண ஊர் இல்லை. இந்தியாவின் முதல் அச்சுச் செய்தித்தாள் 1780 ஜனவரி 29 அன்று இங்கேதான் வெளிவந்தது. ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கியின் 'பெங்கால் கெஜட்'. அதன் இன்னொரு பெயர் 'கல்கத்தா ஜெனரல் அட்வர்டைசர்'. பெயரிலேயே விளம்பரம்! ஹிக்கி கப்பல் வியாபாரத்தில் நொடித்து, கடனுக்காகச் சிறைக்குப் போன மனிதர். அச்சுத் தொழிலால் நிமிர்ந்தவர். வாரப் பத்திரிகை, விலை ஒரு ரூபாய். பக்கங்களில் பெரும்பகுதி விளம்பரம்.

அதே வருடம் நவம்பரில் போட்டிக்கு 'இந்தியா கெஜட்' வந்தது. அதற்குத் தபால் சலுகை கிடைத்தது. ஹிக்கி கம்பெனி அதிகாரிகளை விளாசினார். நவம்பர் 14 அன்று, அவருடைய பத்திரிகை இனித் தபாலில் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. அச்சு இயந்திரம் இருந்தது, எழுத இருந்தது, வெளியூர் வாசகர்கள் மட்டும் போய்விட்டார்கள். ஊருக்குள் ஆள் வைத்து விநியோகித்துப் பார்த்தார். பிறகு அவதூறு வழக்குகள், மறுபடி சிறை. 1782 மார்ச்சில் அச்சகமே பறிமுதலாகிக் கதை முடிந்தது.

இதில் எனக்குப் பட்டது ஒன்றுதான். விளம்பரதாரர் காசு கொடுப்பது காகிதத்துக்கு இல்லை, போய்ச் சேருவதற்கு.

எத்தனை பேருக்குச் சேருகிறது என்பதைப் பத்திரிகைக்காரரே சொன்னால் யார் நம்புவது? அதற்காகத்தான் 1948-ல் இந்தியாவில் ஏ.பி.சி. என்ற விற்பனைத் தணிக்கை அமைப்பு வந்தது. விளம்பரதாரர்கள், ஏஜென்சிகள், பத்திரிகைகள் மூன்று தரப்பும் சேர்ந்து ஏற்படுத்தியது. வங்கிக்கு ஆடிட்டர் மாதிரி.

மின்னஞ்சலில் பொதுவாக ஆயிரம் பேருக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆனால் அனுப்பியது வேறு, திறந்தது வேறு. 2021-ல் ஆப்பிள் தன் மெயிலில் கொண்டுவந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, திறந்த எண்ணிக்கையையும் அப்படியே நம்ப முடியாது. யாரும் படிக்காமலே திறந்ததாகக் கணக்கு காட்டும்.

சரி, நம் கதைக்கு வருவோம். எங்கள் பட்டியலில் 430 முகவரி. "500 ரூபாய் வாங்கிடலாம் சார், பொங்கல் விழாவுக்கு ஆகும்" என்றார் நண்பர். நான் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். பாதிக்கு மேல் மாற்றலாகிச் சென்னை, பெங்களூர் போனவர்கள். மாமியின் மாவு லேக் மார்க்கெட்டைத் தாண்டாது. அவருக்கு உபயோகமான வீடுகள் சுமார் 90. சென்னையில் இருப்பவர் ஆசையாகப் படிப்பார், மாவு வாங்க முடியாது.

மாமியிடம் 430-ஐயும் சொன்னேன், 90-ஐயும் சொன்னேன். வீட்டுக்கு ஒரு ரூபாய், ஆக 90 ரூபாய். நண்பருக்கு வருத்தம்தான். மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "90 வீடா? அவ்வளவு பேருக்கு அரைக்க என் கிரைண்டர் தாங்காதேப்பா" என்றார்.

அடுத்த மாதமும் போடச் சொல்லியிருக்கிறார். பொங்கலுக்குத் தனியாக வசூல் செய்துகொள்ளலாம்.