அந்தலூஸும் காவிரிப் படுகையும்: ஆட்சி போனபின் எஞ்சுவது எது?

அல்லாஹ்வின் திருப்பெயரால்.

பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தோரின் முடிவைச் சிந்தித்துப் பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கின்றது. அவ்வழைப்பை மனத்தில் கொண்டு, வசதி படைத்த சகோதரர்கள் சிலர் இக்காலத்தில் ஸ்பெயின் நாட்டுக்குக் குழுவாகச் செல்கின்றனர். பேருந்தில் ஏறி, இன்று கோர்டோபா எனப்படும் குர்துபா, செவில்லே எனப்படும் இஷ்பீலியா, கிரனாடா எனப்படும் கர்னாதா என நகர் நகராகக் கடந்து, பைரனீஸ் மலைக்கு அப்பால் பிரான்சுக்குள் போகின்றனர். அப்பயணத்தின் முடிவில் நெஞ்சில் எழுவது பெரும்பாலும் ஒரு பெருமூச்சே: எப்பேர்ப்பட்ட ஆட்சியை இழந்தோம்! இப்பெருமூச்சு இயல்பானது. ஆயினும் வரலாறு நமக்குத் தரும் பாடம் அத்துடன் முடிந்துவிடுகின்றதா?

அப்பயணத்துக்கு வாய்ப்பில்லாதோர்க்கு நம் வாசலிலேயே ஒரு வழி இருக்கின்றது. தஞ்சாவூரில் புறப்படும் பேருந்து திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் வழியாகக் காரைக்காலை அடைகின்றது. தொலைவு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அதன் கடைசிப் பகுதி 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண். மதரஸா மாணவர்களை ஒரே நாளில் அழைத்துச் சென்று திரும்பலாம். இவ்வழியையும் அந்தலூஸின் வழியையும் அருகருகே வைத்துப் படித்தால், ஆட்சி போனபின் ஒரு சமுதாயத்திடம் எஞ்சுவது எது என்பது விளங்கும்.

இரு நாடுகளையும் கண்ட ஒருவர்

தன்ஜா நகரத்துப் பயணி இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் தமிழகத்தையும் அந்தலூஸையும் தம் கண்ணால் கண்டவர். 1340களில் இலங்கையிலிருந்து நம் கரைக்கு வந்து, மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் விருந்தினராகத் தங்கினார். அந்தச் சுல்தான் அவருக்கு உறவினரும் ஆவார். எனினும் சிறைப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கொன்றதைக் கண்டபோது, அதனை அவர் மறைக்கவில்லை. அருவருக்கத்தக்க செயல் என்று கண்டித்து, அதன் காரணமாகவே அல்லாஹ் அவனுடைய முடிவை விரைவுபடுத்தினான் என்று பதிவு செய்தார். செய்தவன் நம்மவன் என்பதால் அநீதி நீதியாகிவிடாது என்பதே அந்த ஆலிம் நமக்குக் கற்றுத்தரும் வரலாற்று ஒழுக்கம்.

1350ஆம் ஆண்டில் அவர் கர்னாதாவுக்குச் சென்றார். அங்குக் குடியேறியிருந்த பக்கீர்களுள் இருவர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எழுதுகின்றார். மதுரை சுல்தானகம் தோன்றி அரை நூற்றாண்டு நிறைவதற்குள் 1378 அளவில் மறைந்தது. கர்னாதாவின் ஆட்சி 1492இல் மறைந்தது. இரண்டு ஆட்சிகளும் போயின. ஆனால் அதன்பின் அங்கு நம் சமுதாயம் அடியோடு அகற்றப்பட்டது. இங்கோ, ஆட்சிக்கு முன்பே வணிகராக வந்து மண்ணோடு கலந்தோர் இன்றும் வாழ்கின்றனர்.

வயலும் வாய்க்காலும்

பேருந்து திருவாரூரை நெருங்கும்போது இருபுறமும் தெரிவது நெல் வயல். மாணவர்களுக்கு இங்கே வலென்சியாவின் கதையைச் சொல்லவேண்டும். ஸ்பெயினில் நெற்பயிரை வேரூன்றச் செய்தோர் அரபியர். ஸ்பானிய மொழியில் அரிசிக்கு இன்றும் 'அர்ரோஸ்' என்றே பெயர். அது அரபியின் 'அர்ருஸ்'. வாய்க்காலுக்கு 'அசேக்கியா' என்பர், அது 'அஸ்ஸாகியா'. வலென்சியாவில் வியாழன்தோறும் நண்பகலில் பேராலயத்தின் வாசலில் உழவர்களின் தண்ணீர் மன்றம் கூடுகின்றது. எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் அமர்ந்து, பாசனத் தகராறுகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்பளிக்கின்றனர். முஸ்லிம்கள் காலத்தில் வேர்கொண்ட வழக்கம் என மரபு சொல்லும் இம்மன்றத்தை யுனெஸ்கோ 2009இல் மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அரண்மனைகள் காட்சிப் பொருளாயின. வாய்க்கால் இன்றும் வேலை செய்கின்றது. பிறருக்குப் பயன்படும் நற்செயலே நிலைத்து நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? கல்லணை முதல் கடைமடை வரை, தண்ணீர் முறையின் அருமை தெரிந்த நம் படுகை மக்களுக்கு இது எளிதில் விளங்கும்.

காக்கப்படாத வாக்கும் கட்டப்பட்ட மனாராவும்

1491 நவம்பரில் கர்னாதாவின் ஒப்பந்தம் எழுதப்பட்டது. முஸ்லிம்களின் பள்ளிவாசல்கள், மார்க்கச் சட்டம், காஜிகள், சொத்து அனைத்தும் காக்கப்படும் என்று அரசனும் அரசியும் வாக்களித்தனர். 1492 ஜனவரி 2ஆம் நாள் நகரம் ஒப்படைக்கப்பட்டது. பத்தாண்டுகள்கூட அவ்வாக்கு நிற்கவில்லை. 1499இல் கட்டாய மதமாற்றம் தொடங்கியது. 1502இல் மதம் மாறு, அன்றேல் வெளியேறு என்ற ஆணை காஸ்தீலிய நாடு முழுவதற்கும் வந்தது. மாறியோரின் வழித்தோன்றல்களும் தப்பவில்லை. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 லட்சம் பேர் நாடுகடத்தப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் பைரனீஸைக் கடந்து பிரான்ஸ் வழியாகவே அகதிகளாகச் சென்றனர். இன்று சுற்றுலாப் பேருந்து செல்லும் திசையும் அதுவே.

இப்போது நாகூருக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டில் வடநாட்டு மாணிக்கப்பூரிலிருந்து வந்து இங்கு அடங்கிய ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் தர்காவில் ஐந்து மனாராக்கள் உள்ளன. தர்காவில் நடைபெறும் சடங்குகள் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது இக்கட்டுரையின் பொருளன்று. வரலாறு சொல்வதை மட்டும் நோக்குவோம். அவற்றுள் மிக உயர்ந்த, 131 அடிப் பெரிய மனாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அவர் 1739 முதல் 1763 வரை ஆண்ட இந்து மன்னர். நாகூர்க் கடலோடிகள் இந்நினைவைக் கடல் கடந்தும் எடுத்துச் சென்றனர். சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா என்ற பெயரிலேயே ஒரு கட்டடம் எழுப்பினர். நம்மை ஆண்டவர் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் வணிகத்தில் நேர்மையும் அண்டை வீட்டாருக்கான ஹக்கும் பேணப்பட்ட இடத்தில், மன்னரின் கை மனாராவைக் கட்டியது. எழுதிய ஒப்பந்தம் சாதிக்காததை, தலைமுறை தலைமுறையாகப் பேணிய அண்டை உறவு சாதித்தது.

கொடி மாறிய கரை

நாகூரைத் தாண்டியதும் வாஞ்சூர். அங்கிருந்து காரைக்கால் மாவட்டம். தஞ்சை மன்னர் சாகுஜி 1738இல் காரைக்காலைத் தருவதாகப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்புக்கொண்டு பின்வாங்கினார். அதனைக் கைப்பற்றி 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தவர் சந்தா சாகிப். நம் பெயர் தாங்கிய ஒருவரே அந்நியருக்குக் கதவு திறந்துவிட்டார் என்பதையும் மாணவர்களிடம் மறைக்கலாகாது.

பிரெஞ்சு ஆட்சியில் இக்கரை முஸ்லிம்கள் சைகோன் வரை கடை வைத்தனர். அங்கு டாங் டு தெருவில் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் தொழுகைக்குரிய இடமாக உள்ளது. 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் அது சட்டப்படி நிறைவுற்றது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரை 'சொல்தா' என்று அழைக்கும் வழக்கு மட்டும் பேச்சில் தங்கிவிட்டது. கொடி மாறியது, ஜமாஅத் மாறவில்லை, பாங்கோசை நிற்கவில்லை. அரசலாறும் எக்கொடிக்கும் பாதை மாற்றவில்லை.

தரைக்கு அடியில் கிடைத்த ஏடுகள்

திரும்பும் வழியில் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தைக் காட்டவேண்டும். மராட்டிய அரசு 1855இல் முடிந்தது. இரண்டாம் சரபோஜி மன்னர் வளர்த்த நூலகம் இன்றும் படிப்போரை வரவேற்கின்றது. இங்கேதான் நம் மனம் சுடவேண்டும்.

கர்னாதாவின் சதுக்கத்தில் அரபு நூல்கள் குவித்து எரிக்கப்பட்ட பின்னர், மறைவாக ஈமானைக் காத்தோர் தம் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினர். அதற்கு 'அல்ஹமியாதோ' என்று பெயர். 'அஜமிய்யா' என்பதன் திரிபு. 1884இல் சரகோசாவுக்கு அருகே ஓர் ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, பொய்த்தளத்துக்கு அடியில் அத்தகைய கையெழுத்துச் சுவடிகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. உயிருக்கு அஞ்சி ஒளித்தும், எழுத்தை அவர்கள் அழியவிடவில்லை.

நம்மிடமும் அத்தகைய செல்வம் உண்டு: அரபுத்தமிழ். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அவ்வெழுத்தில் மார்க்கம் போதித்தனர். நம் பாட்டிமார் தொழுகையின் சட்டங்களைக் கற்றது அதில்தான். அதை எரிக்க எந்த அரசும் வரவில்லை. பரணில் கிடந்து கரையான் அரிக்கின்றது. பழைய வீட்டை இடிக்கும்போது பழைய காகிதத்தோடு போகின்றது. நம் மாணவர்களுள் அதை எழுத்துக்கூட்டி வாசிப்போர் மிகச் சிலரே.

ஆகவே, ஆட்சி போனபின் எஞ்சுவன மூன்று: பிறருக்குப் பயன்பட்ட உழைப்பு, அண்டை அயலாருடன் பேணிய நம்பகம், எழுதி வைத்த அறிவு. முதலிரண்டையும் முன்னோர் நமக்கு ஈட்டித் தந்தனர். மூன்றாவது நம் கையில் அமானத்தாக உள்ளது. அந்தலூஸுக்காக விடும் பெருமூச்சில் ஒரு பங்கை நம் பரண்களுக்கும் ஒதுக்குவோம். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் ஊரின் பழைய ஏடுகளைத் திரட்டி, படமெடுத்து, அவற்றை வாசிக்கத் தெரிந்த முதியோரைக் கொண்டு இரண்டு மாணவர்களுக்கேனும் கற்பிக்கட்டும். அமானத்தைப் பேணியோருள் நம்மையும் அல்லாஹ் சேர்ப்பானாக. ஆமீன்.