சூளைக்கு முந்திய தாள்கள்

மார்ட்டன் வான் ஹீம்ஸ்கெர்க் ரோமில் வரைந்த சிலைக் கோட்டோவியங்களையும், காலின் மெக்கன்சியின் குழு கிருஷ்ணைக் கரை அமராவதியின் பௌத்தத் தூபியில் வரைந்த படங்களையும் ஒரே மேசையில் விரித்துப் பார்ப்பது வழக்கமில்லை. முன்னவர் 1532இல் ரோமுக்கு வந்த ஹார்லெம் நகரத்து ஓவியர். பின்னவர் 1815இல் இந்தியாவின் தலைமை நில அளவையாளரான ஸ்காட்லாந்துக்காரர். இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள். ஆனால் அவர்கள் முன் கிடந்த கற்களுக்கு இடையே அவ்வளவு தூரம் இல்லை. ரோமானியச் சிற்பிகள் பளிங்கில் பேரரசர்களைச் செதுக்கிய அதே நூற்றாண்டுகளில்தான் கிருஷ்ணைக் கரைச் சிற்பிகள் புத்தரின் கதைகளைச் செதுக்கினார்கள். கரூரில் கிடைத்த ரோமானிய நாணயங்கள், அக்காலத்தில் ரோமுக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையே இருந்த வணிகத் தொடர்பைச் சொல்கின்றன.

இந்த இரு தொகுப்புகளுக்கும் உள்ள எதிர்பாராத உறவு சுண்ணாம்பு. ரோமின் பளிங்கும் அமராவதியின் வெளிர்நிறக் கல்லும் சுட்டால் சுண்ணாம்பாகும் இனத்தவை. பழஞ்சிலைகள் சூளையில் வெந்து சாந்தாவதைக் கண்டு நொந்து, 1519 வாக்கில் ரஃபேல் போப் பத்தாம் லியோவுக்குக் கடிதம் எழுதினார். அமராவதியிலும் தூபியின் பலகைகள் சூளைக்குப் போயின. மற்றவை கட்டடக் கற்களாயின. மெக்கன்சி முதலில் பார்த்தது 1790களின் இறுதியில். 1816இல் திரும்பி வந்தபோது தூபியின் நடுவே குளம் வெட்டப்பட்டிருந்தது. கல்லின் குணமே அதன் ஆயுளைத் தீர்மானித்தது என்பேன். நாமக்கல் மலையைக் குடைந்து செதுக்கிய நரசிம்மருக்கு இந்த ஆபத்து வந்ததே இல்லை; அந்தப் பாறை எத்தனை சுட்டாலும் சுண்ணாம்பாகாது.

வரைந்த விதத்தில் இருவரும் விலகுகிறார்கள். ஹீம்ஸ்கெர்க் தனியாள், அவருடைய கோடு விரைகிறது. செல்வர் வீட்டு முற்றத்தில் தலையற்ற உடல்களும் கவிழ்ந்த முண்டங்களும் கிடந்த கோலத்திலேயே தாளில் ஏறுகின்றன. மெக்கன்சியின் ஆட்களோ வரைபடம் தீட்டப் பழகியவர்கள். அவர்கள் ஒவ்வொரு பலகையையும் அதன் சூழலிலிருந்து பிரித்து, நேருக்கு நேராக, வெற்றுத் தாளில் நிறுத்துகிறார்கள். ரோமின் தாளில் இடம் தெரிகிறது, சிலையின் நுணுக்கம் நழுவுகிறது. அமராவதித் தாளில் நுணுக்கம் நிற்கிறது, இடம் மறைகிறது. எனக்கு ஹீம்ஸ்கெர்க்கின் கை பிடிக்கும்; ஆனால் ஒரு சிற்பத்தை நம்பி ஒப்படைப்பதென்றால் மெக்கன்சியின் ஆட்களிடமே கொடுப்பேன்.

உடைந்ததை உடைந்தபடியே வரைந்ததில் இருவரும் மீண்டும் ஒன்றுசேர்கிறார்கள். பின்னாளில் ரோமின் சிலைகளுக்குப் புது மூக்கும் புதுக் கையும் ஒட்டினார்கள். ஒட்டுவதற்கு முந்தைய உருவை அறிய ஹீம்ஸ்கெர்க்கின் தாள்கள் உதவுகின்றன. யாகோப்போ கல்லியின் தோட்டத்தை வரைந்த தாளில் ஒரு வியப்பும் உண்டு. பழஞ்சிலைகளுக்கு நடுவே வலக்கை இல்லாமல் நிற்கும் பாக்கஸ், மைக்கலாஞ்சலோ 1497இல் முடித்தது. நாற்பது ஆண்டுகூட ஆகாத சிலை, பழமையோடு பழமையாகக் கலந்து நிற்கிறது. அமராவதிப் பலகைகள் சில, வரையப்பட்ட பின் காணாமலே போயின. அவற்றுக்கு மெக்கன்சியின் தாள்தான் எஞ்சிய உருவம்.

தாள்களின் பயணமும் வேறு வேறு. ஹீம்ஸ்கெர்க் வரைந்த, ரோமின் காசா சஸ்ஸி என்ற வீட்டின் முற்றம் 1553இல் கோர்ன்ஹெர்ட்டின் செதுக்கில் அச்சேறி, ரோமைப் பார்க்காத ஓவியர்களின் கைக்கும் போனது. அமராவதிப் படங்கள் நெடுங்காலம் அலுவலகத் தொகுப்பிலேயே இருந்தன. 1868இல் ஃபெர்குசனின் நூல்தான் அவற்றில் சிலவற்றை அச்சில் பரப்பியது. அதற்குள் 1858இல் லின்னேயஸ் டிரைப் சென்னையில் இருந்த அமராவதிக் கற்களை ஒளிப்படமே எடுத்துவிட்டார்.

ஹீம்ஸ்கெர்க்கின் தாள்கள் இன்று பெர்லினில் இருக்கின்றன, மெக்கன்சியின் தொகுப்பு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். அமராவதிக் கற்களில் ஒரு பங்கு மட்டும் நமக்கு அருகில், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அங்கே போகிறவர்கள் மெக்கன்சி படங்களின் நகல்களையும் கையோடு எடுத்துச் சென்று, கல்லையும் தாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.