தொழில்களில் உடலுழைப்பின் அளவு: அளந்தறிந்த வரலாறு

ஒரு தொழிலைச் செய்யத் தேவையான தசை வலிமை, நடை, நிற்கும் நேரம், தூக்கும் சுமை, செலவாகும் ஆற்றல் ஆகியவற்றைச் சேர்த்து அத்தொழிலின் உடலுழைப்பு அளவு என்பர். கொல்லருக்கும் எழுத்தருக்கும் உழைப்பு ஒன்றல்ல என்பது எல்லாரும் அறிந்ததே. ஆனால் அந்த வேறுபாடு எவ்வளவு, அது உடல்நலத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பவை ஏறத்தாழ 300 ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் தெரியவந்தன. உணவு அளவு, சுமை வரம்பு, பணியிடச் சட்டங்கள் ஆகியவை இந்த அறிவை ஒட்டியே உருவாயின.

ராமாசினியின் கேள்வி

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி (1633–1714) தொழில்சார் மருத்துவத்தின் தந்தை எனப்படுகிறார். மோடெனா நகரில் தம் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்த தொழிலாளியின் கண்கள் பாதிக்கப்படுவதைக் கண்ட பின் அவர் ஒவ்வொரு தொழிலாக ஆராயத் தொடங்கினார். தொழிலாளர்களின் நோய்கள் பற்றிய அவரது நூல் 1700ஆம் ஆண்டிலும், அதன் விரிவாக்கப் பதிப்பு 1713ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு “உன் தொழில் என்ன?” என்பதையும் கேட்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

கடும் உழைப்பு மட்டுமே உடலைக் கெடுக்கும் என்று அவர் கருதவில்லை. நாள் முழுதும் உட்கார்ந்து தைப்பவர்களுக்கும், ஒரே கையசைவில் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தர்களுக்கும் அவரவருக்கென நோய்கள் உண்டு என்று பதிவு செய்தார். ஆயினும் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு உழைப்பு என்று எண்ணால் சொல்லும் வழி அக்காலத்தில் இல்லை.

உழைப்பை எண்ணாக்குதல்

அந்த வழி மூச்சின் மூலம் கிடைத்தது. உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது ஏறத்தாழ 5 கிலோ கலோரி ஆற்றல் வெளிப்படுகிறது. எனவே வேலை செய்பவர் வெளிவிடும் காற்றைச் சேகரித்து ஆராய்ந்தால் அவர் செலவிடும் ஆற்றலைக் கணக்கிடலாம். ஆங்கிலேய உடலியலாளர் கிளாட் கார்டன் டக்ளஸ் 1911ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய காற்றுப் பை இதற்குப் பயன்பட்டது. முதுகில் சுமந்து செல்லக்கூடியதாக இருந்ததால், வேலை நடக்கும் இடத்திலேயே அளவெடுக்க முடிந்தது.

1950களில் உடலியலாளர் கிறிஸ்டென்சன் இத்தகைய அளவுகளைக் கொண்டு வேலைகளை வகைப்படுத்தினார். நிமிடத்துக்கு 2.5 முதல் 5 கிலோ கலோரி வரை செலவாவது இலகு வேலை. 5 முதல் 7.5 வரை நடுத்தர வேலை, 7.5 முதல் 10 வரை கடும் வேலை. அதற்கு மேற்பட்டது மிகக் கடும் வேலை. இவ்வாறு தொழிலின் பெயரைக் கொண்டு மதிப்பிடுவதற்குப் பதிலாக, அதில் உடல் செய்யும் செயலைக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் வேரூன்றியது.

ஒரே பேருந்து, இரு தொழில்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் மாரடைப்பு பெருகியது. அதன் காரணத்தைத் தேடிய மருத்துவர் ஜெரி மோரிஸ் (1910–2009) லண்டன் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 ஆண்களை ஆராய்ந்தார். இரட்டை மாடிப் பேருந்தின் ஓட்டுநர் பணி நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு கொடுக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 படிகள் ஏறுவார். இருவரும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள். ஒரே சாலையில் செல்பவர்கள்.

1953ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் முடிவுகள் வெளியாயின. ஆண்டுக்கு 1,000 ஓட்டுநர்களில் 2.7 பேருக்கும், 1,000 நடத்துநர்களில் 1.9 பேருக்கும் இதய நாள நோய் கண்டிருந்தது. நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுசெல்லும் அஞ்சல்காரர்களுக்கும், உட்கார்ந்து பணிபுரியும் எழுத்தர்களுக்கும் இடையே இதே போன்ற வேறுபாடு காணப்பட்டது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருந்தது. உடல் பருத்தவர்களே ஓட்டுநர் வேலையைத் தேர்ந்திருக்கலாம் அல்லவா? மோரிஸ் குழுவினர் இதைச் சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவைக் கொண்டு சோதித்து 1956ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இளம் வயதிலேயே ஓட்டுநர்களின் இடுப்பளவு கூடுதலாக இருந்தது. ஆகவே வேறுபாட்டின் ஒரு பகுதி வேலைக்கு வருமுன்பே இருந்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

சணல் ஆலையும் துறைமுகமும்

அதே 1956ஆம் ஆண்டில் மேற்கு வங்கத்தின் செங்கைல் சணல் ஆலைப் பகுதியில் நடந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஜீன் மேயர் குழுவினர் கடைக்காரர்கள், எழுத்தர்கள், நெசவாளர்கள், சுமை தூக்குவோர், கொல்லர்கள் எனப் பலதரப்பட்ட 213 ஆண்களின் உணவையும் எடையையும் ஒப்பிட்டனர். இலகு வேலையிலிருந்து கடும் வேலைக்குச் செல்லச் செல்ல உண்ணும் அளவு கூடியது, எடை கூடவில்லை. ஆனால் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தவர்கள் இலகு வேலை செய்தவர்களைவிட அதிகம் உண்டனர். அவர்களின் எடையும் அதிகம். உழைப்பு ஒரு அளவுக்குக் கீழே குறைந்தால் பசி அதற்கேற்பக் குறைவதில்லை என்பதை இது காட்டியது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்களை ரால்ஃப் பாஃபன்பார்கர் 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அங்கே புதிதாகச் சேர்பவர் அனைவரும் முதல் ஐந்து ஆண்டுகள் சரக்கு தூக்க வேண்டும் என்பது விதி. எனவே தேர்வு பற்றிய ஐயம் இங்கே ஓரளவு நீங்கியது. கடும் வேலையில் இருந்தவர்களிடம் இதய நோய் இறப்பு குறைவு என 1975ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார்.

உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு

இந்த ஆய்வுகளால் கடும் உழைப்பு எப்போதும் நன்மையே என்று முடிவு செய்ய இயலாது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2021ஆம் ஆண்டில் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு இதய நோயும் இறப்பும் குறைந்திருந்தன. வேலையில் கடுமையாக உழைத்தவர்களுக்கு அவை கூடியிருந்தன. வருமானம், கல்வி முதலிய வேறுபாடுகளும் இதில் பங்கு வகிக்கலாம் என்ற விவாதம் தொடர்கிறது.

இதற்கு உடலியல் விளக்கமும் தரப்படுகிறது. உடற்பயிற்சி குறுகிய நேரத்தில் முடிவது, களைத்தால் நிறுத்தலாம். சுமை தூக்குபவர் எட்டு மணி நேரமும் பிறர் வகுத்த வேகத்தில் இயங்குகிறார். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் நீண்ட நேரம் உயர்ந்தே இருக்கின்றன. தசைகள் மீள்வதற்குள் அடுத்த நாள் வேலை வந்துவிடுகிறது. படியேறிய நடத்துநரின் உழைப்பு இத்தன்மையதன்று.

இந்தியாவில் பயன்பாடு

குன்னூரில் தொடங்கி 1958ஆம் ஆண்டில் ஹைதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் உழைப்பின் அளவுக்கேற்ப உணவுத் தேவையைப் பரிந்துரைக்கிறது. 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு உட்கார்ந்த வேலையெனில் நாளொன்றுக்கு 2,110 கிலோ கலோரியும், நடுத்தர வேலையெனில் 2,710 கிலோ கலோரியும், கடும் வேலையெனில் 3,470 கிலோ கலோரியும் தேவை. கடும் உழைப்பாளிக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உணவு வேண்டும். ஆனால் அவருடைய கூலி பெரும்பாலும் அதற்கேற்ப உயர்வதில்லை.

2025ஆம் ஆண்டு வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் விளைவிக்கக்கூடிய சுமையைத் தூக்கச் செய்வதைத் தடுத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டில் வயதுவந்த ஆணுக்கு 55 கிலோவை உச்ச வரம்பாகப் பரிந்துரைத்தது.

ஆற்றல் கணக்கில் மட்டும் பார்த்தால் துணிக்கடை வேலை இலகுவானது. ஆனால் பத்து மணி நேரம் நின்றுகொண்டே இருப்பவருக்குக் கால் வீக்கமும் முதுகுவலியும் வருகின்றன. கேரளம் 2018ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு 2021ஆம் ஆண்டிலும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. லண்டன் ஓட்டுநருக்குத் தீங்காயிருந்தது எழுந்து நடக்க இயலாமை. துணிக்கடை ஊழியருக்குத் தீங்காயிருப்பது உட்கார இயலாமை. ஒரு தொழிலின் உடலுழைப்பை மதிப்பிடும்போது, செலவாகும் கலோரியோடு உழைப்பவர் தம் உடல்நிலையை மாற்றிக்கொள்ளவும் ஓய்வெடுக்கவும் முடிகிறதா என்பதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.