கருக்கலைப்புச் சட்டம் ஏற்றதும் தண்டனைச் சட்டம் மறுப்பதும்

2022ஆம் ஆண்டு 25 வயதுப் பெண் ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். மணமாகாதவர். உடன் வாழ்ந்தவர் திருமணத்துக்கு மறுத்துவிட்ட நிலையில், 20 வாரத்தைத் தாண்டிவிட்ட கருவைக் கலைக்க அனுமதி கேட்டார். சட்ட விதிகளின் பட்டியலில் மணமாகாதவர் இல்லையென்று உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றம் ஜூலை 21 அன்று இடைக்கால அனுமதி தந்தது. செப்டம்பர் 29 அன்று வந்த இறுதித் தீர்ப்பில், மணமானவர், மணமாகாதவர் என்று பிரித்துப் பார்ப்பது அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாது என்றது.

நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அதே தீர்ப்பில் இன்னொன்றையும் சொன்னது. 24 வாரம்வரை கருக்கலைப்புக்குத் தகுதியுடையோர் வரிசையில் வல்லுறவுக்கு ஆளான பெண்களும் உண்டு. கணவனால் வல்லுறவுக்கு ஆளான மனைவியும் அதில் அடக்கம். அதற்காக அவர் காவல் நிலையத்தில் புகார் பதிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பொருள்கோடல் கருக்கலைப்புச் சட்டத்துக்கு மட்டுமே செல்லும்.

இதன் நடைமுறை விளைவைப் பார்ப்போம். 22 வாரக் கர்ப்பத்தோடு ஒரு மனைவி மருத்துவமனைக்குப் போகிறார். தன் விருப்பமின்றி நடந்ததைச் சொல்கிறார். இரண்டு மருத்துவர்கள் அதை வல்லுறவாக ஏற்றுக் கருக்கலைப்புக்கு ஒப்புகிறார்கள். அங்கிருந்து காவல் நிலையத்துக்குப் போனால், அதே செயலை வல்லுறவாகப் பதிவு செய்யப் பிரிவே இல்லை. 18 வயது நிரம்பிய மனைவியோடு கணவன் கொள்ளும் உறவு வல்லுறவாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலுள்ள இரண்டாம் விதிவிலக்கு. ஒருவன் செய்த செயலின் விளைவை நீக்க அனுமதிக்கும் சட்டம், அந்தச் செயலைக் குற்றமென்று சொல்ல மறுக்கிறது.

இந்த விதிவிலக்குக்கு 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே மூலம். அன்று மனைவிக்கு 10 வயது ஆகியிருந்தால் போதும். 1890இல் கல்கத்தாவில் ஒரு வழக்கு: பத்து வயதைத் தாண்டிய சிறுமி புல்மோனி, கணவனின் வன்செயலால் இறந்துபோனாள். வயது வரம்பைக் கடந்திருந்ததால் வல்லுறவுச் சட்டம் அவனைத் தொடவில்லை; கொடுங்காயம் விளைவித்ததற்காக ஓராண்டுச் சிறையோடு முடிந்தது. மறு ஆண்டே வரம்பு 12 ஆனது. அது 18ஐ எட்டியதோ 2017இல், உச்ச நீதிமன்றத் தீர்ப்பால்தான். வயது ஏறியது, விதிவிலக்கு அப்படியே நின்றது.

சத்தீஸ்கரில் 2017 டிசம்பரில் கணவனின் பலவந்தத்தால் ஒரு பெண் உயிரிழந்தார். சாகுமுன் நிர்வாகத் துறை நடுவரிடம் வாக்குமூலமும் கொடுத்திருந்தார். விசாரணை நீதிமன்றம் விதித்த பத்தாண்டுத் தண்டனையை உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் ரத்து செய்து, கணவனை விடுவித்தது. இந்த விதிவிலக்கும் அதற்கு ஒரு காரணம். இதைப் படித்தபின், புல்மோனி வழக்கைப் பழங்கதையென்று ஒதுக்க மனம் வராது.

விதிவிலக்கை நீக்கும்படி நீதிபதி வர்மா குழு 2013இலேயே பரிந்துரைத்தது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் மத்திய அரசு சொன்னது வேறு: மணவாழ்க்கைக்குள் நடப்பதை வல்லுறவென்று தண்டிப்பது மிகக் கடுமையானது, வேறு சட்டத் தீர்வுகள் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையையும் குறிப்பிடுவது உண்மைதான். ஆனால் அது தருவது பாதுகாப்பு ஆணை, உறைவிட உரிமை போன்ற உரிமையியல் நிவாரணங்கள். கொடுமை தொடர்பான குற்றப் பிரிவில் அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டு.

அரசின் வாதத்தை அதே சன்ஹிதாவின் 67ஆம் பிரிவு பலவீனப்படுத்துகிறது. பிரிந்து வாழும் மனைவியிடம் அவர் இசைவின்றி உறவு கொள்ளும் கணவனுக்கு இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அங்கேயும் திருமணம் சட்டப்படி முறிந்துவிடவில்லை. மணமுடித்ததாலேயே இசைவு என்றைக்கும் உண்டென்று நாடாளுமன்றமே கருதவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஒரே வீட்டில் இருந்தால் மட்டும் அந்த இசைவு தேவையற்றுப் போவது எப்படி?

கருக்கலைப்புப் பக்கமும் முழு உரிமை வந்துவிடவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி வயதுவந்த பெண்ணின் இசைவு மட்டும் போதும். கணவன் கையொப்பம் தேவையில்லை. ஆயினும் குடும்பத்தாரின் ஒப்புதலை மருத்துவமனைகள் கேட்பதை 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பே கண்டித்தது. கடைசி முடிவு மருத்துவரின் கருத்தைச் சார்ந்தே நிற்கிறது.

டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2022 மே மாதம் இதே விதிவிலக்கு குறித்து மாறுபட்ட தீர்ப்புகளை எழுதினர். பிரச்சினை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 அக்டோபரில் தொடங்கிய விசாரணை, தலைமை நீதிபதி ஓய்வுபெறும் நாள் நெருங்கியதால் தள்ளிப்போனது. தண்டனை எத்தனை ஆண்டு என்பதை நாடாளுமன்றம் விவாதித்து முடிவு செய்யலாம். விதிவிலக்கை நீக்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.