‘உங்க கணக்கு முடக்கப்படும்’: ஒரு பழைய பொய்யின் கதை

இன்னைக்குக் கதை எங்க ஊரு சங்கரன்கோவில்ல ஆரம்பிக்குது.

ஆடித்தபசுக்கு ஊருக்குப் போயிருந்தேன். விசைத்தறிச் சேலைகளை ஆன்லைனில் விற்கும் என் சித்தப்பா, ஒரு மதியம் தன் மொபைலை என்னிடம் நீட்டினார். "ஏல, இதைக் கொஞ்சம் பாரு." இங்கிலீஷில் ஒரு மெயில். உங்கள் பேமெண்ட் கணக்கு 24 மணி நேரத்தில் முடக்கப்படும், சரிபார்க்க இங்கே அழுத்தவும் என்று இருந்தது. அழுத்தியிருக்கிறார். பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் கொடுத்திருக்கிறார். அன்றைக்கே வங்கியிலிருந்து 18,000 ரூபாய் போயிருக்கிறது. நாலாவது நாள் இன்னொரு 22,000. என்னிடம் சொன்னது பதினோராவது நாள்.

"ஏன் சித்தப்பா உடனே சொல்லலை?"

"படிச்ச பயலுவ சிரிப்பீங்கல்லா" என்றார்.

சிரிக்க இதில் ஒண்ணுமே இல்லை. ஏன்னா இந்தப் பொய்க்கு ஏறக்குறைய முப்பது வயசு, இன்னும் வேலை செய்யுது. 1990களில் அமெரிக்கா ஆன்லைன் என்ற இணையச் சேவையில், கம்பெனி ஊழியர் போல மெசேஜ் அனுப்பி, "பில்லிங் விவரத்தைச் சரிபார்க்கணும், பாஸ்வேர்டு கொடுங்க" என்று கேட்டு ஏமாற்றினார்கள். மீன் பிடிக்கத் தூண்டில் போடுகிற மாதிரி என்பதால் ‘ஃபிஷிங்’. 1996லேயே இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

2000ல் பணம் அனுப்பும் தளமான பேபாலின் பெயரில் ஒரு போலித் தளம் வந்தது. பெயரின் கடைசியில் சின்ன ‘எல்’ எழுத்துக்குப் பதிலாகப் பெரிய ‘ஐ’. ஸ்கிரீனில் பார்த்தால் ரெண்டும் ஒரே கோடுதான். எத்தனை படிச்சிருந்தாலும் கண் ஏமாறும்.

அடுத்து நம்ம பக்கத்துக்கே வருவோம். தூத்துக்குடி. அங்குள்ள ஐசிஐசிஐ வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒருவர் அபுதாபியில் வேலை பார்த்தார். 2007 செப்டம்பரில் வங்கி அனுப்பியது போலவே வந்த மெயிலுக்குத் தன் விவரங்களைக் கொடுத்தார். சுமார் 4.95 லட்சம் ரூபாய் போனது. தவறு வாடிக்கையாளருடையது என்பது வங்கியின் வாதம். அவர் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, அப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் அதிகாரியான தமிழக ஐடி துறைச் செயலரிடம் போனார். 2010 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடு போதாது, 12.85 லட்சம் கொடுக்க வேண்டும். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் ‘ஏமாந்தவன் தலையிலேயே முழுப்பழியும் விழணுமா?’ என்ற கேள்வியை எழுப்பியவர் நம்ம சீமையில் கணக்கு வைத்திருந்த ஒரு சாதாரண மனுஷன்.

அந்தக் கேள்விக்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு விதி போட்டது. ஓடிபியை நாமே கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கியிடம் சொல்லும் வரை போன பணம் நம் நஷ்டம். சொன்ன பிறகு போகிற பணம் வங்கியின் பொறுப்பு.

இப்போ சித்தப்பா கணக்கைப் பாருங்க. முதல் நாளே சொல்லியிருந்தால், நாலாவது நாள் போன 22,000 அவர் நஷ்டமே இல்லை. திருடனுக்கு அந்தப் பணத்தைக் கொடுத்தது அவருடைய கூச்சம்.

அதனால, இப்படி மெயில் வந்தா அவசரப்படுத்துதா என்று முதலில் பாருங்க. அனுப்பியவர் பெயரை நம்பாமல், முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்து எழுத்தாகப் படிங்க. லிங்கைத் தொடாமல், ஆப்பை நீங்களே திறந்து கணக்கு நல்லா இருக்கான்னு பாருங்க. தெரியாமல் அழுத்தி விவரம் கொடுத்துட்டீங்களா? வங்கிக்கும் 1930க்கும் உடனே போன் போடுங்க. சீக்கிரம் சொன்னால் போகிற வழியிலேயே பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

அன்றைக்குச் சாயங்காலமே சித்தப்பாவும் நானும் புகார் கொடுத்தோம். கணக்கை முடக்கினார்கள். பணம் இன்னும் வரலை. ஆனா மூணாவது தடவை போகலை.

உங்க வீட்டிலும் ஒருத்தர் மொபைலை நீட்டிக்கிட்டு வந்து நிக்கலாம். தயவுசெஞ்சு சிரிச்சிராதீங்க.