சாட்சி ஜே

போன வாரம் உங்களை அருஷாவில் விட்டுவிட்டுப் போனேன். நீதிமன்றக் கதவு திறக்கிறது, ஒரு பெண் உள்ளே வருகிறார் என்று எழுதித் 'தொடரும்' போட்டேன். மயிலாப்பூர் வாசகர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. தெற்கு மாட வீதியில், கையில் முருங்கைக் கீரையோடு என்னை மடக்கிவிட்டார்.

"யாருங்க அந்தம்மா? பேரையாவது சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாமே!"

சொல்ல முடியாது சார். அந்தப் பெண்ணின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது நீதிமன்றக் கட்டுப்பாடு. சாட்சி சொன்னது தெரிந்தால் ஊரில் உயிரோடு விடமாட்டார்கள். அதனால் ஆவணங்களில் அவருக்கு ஒரே ஓர் எழுத்துதான்.

ஜே.

1997 ஜனவரி. தான்சானியாவின் அருஷா நகரம். ஒரு மாநாட்டு மாளிகைக்குள், ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்கும் பன்னாட்டு நீதிமன்றம். ஜே எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்வையாளர்களுக்குத் தெரியாது. நடுவே திரை. குரல் மட்டும் வருகிறது.

குற்றவாளிக் கூண்டில் ழான் போல் அகாயேசு. மறந்திருக்க மாட்டீர்கள். படுகொலை நடந்தபோது ருவாண்டாவின் டாபா வட்டாரத்துக்குத் தலைவராக இருந்தவர். முன்னாள் வாத்தியார். நல்ல மனிதர் என்று ஊரே சொன்னது. துட்சி இன மக்களைக் கொல்லும் கும்பல்கள் நாடெங்கும் வெறியாட்டம் ஆடத் தொடங்கியபோதும், முதல் சில நாட்கள் அவற்றைத் தன் ஊருக்குள் விடாமல் தடுத்தவர். பிறகு ஏப்ரல் 18-ம் தேதி தலைவர்களின் கூட்டத்துக்குப் போனார். திரும்பி வந்தவர் வேறு ஆள். பதவியா, பயமா? இரண்டு அத்தியாயங்கள் அதைத்தான் அலசினோம். எனக்கென்னவோ அந்த ஆளுக்குப் பயத்தைவிட நாற்காலி பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

டாபாவில் மட்டும் குறைந்தது 2,000 துட்சிகள் செத்தார்கள்.

மேடையில் மூன்று நீதிபதிகள். நடுவில் செனகல் நாட்டின் லைட்டி காமா. ஒரு பக்கம் ஸ்வீடன்காரர் லெனார்ட் ஆஸ்பெக்ரென். மூன்றாமவர் ஒரு பெண்மணி.

நவநீதம் பிள்ளை.

பெயரைப் பார்த்ததும் பொறி தட்டியிருக்குமே? 2013-ல் ஈழத்தமிழருக்காக லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்த நாட்களில், தி.நகர் டீக்கடைகளில்கூட ஜெனீவா, ஜெனீவா என்று பேச்சு அடிபட்டது. அப்போது அங்கே ஐ.நா.வின் மனித உரிமை ஆணையர் இவர்தான். ஆனால் நம் கதை அதற்கும் பதினாறு வருடங்களுக்கு முந்தியது.

ஒரு நிமிடம் அருஷாவை விட்டு வெளியே வாருங்கள். இது தெரியாவிட்டால் அடுத்து நடப்பது புரியாது.

1860-ல் 'ட்ரூரோ' என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக் கூலிகள். அதன் பின்னால் எத்தனையோ கப்பல்கள். அப்படிப் போய் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் ஒன்றில், டர்பனின் கிளேர்வுட் பகுதியில் பிறந்தவர் நவநீதம். அப்பா பஸ் டிரைவர்.

அவருக்கு ஆறு வயது. அம்மா அவர் கையில் ஐந்து பவுண்டைக் கொடுத்து, அப்பாவிடம் சேர்த்துவிடச் சொல்கிறார். அப்பாவின் ஒரு மாதச் சம்பளம். வழியில் ஒருவன் பறித்துக்கொண்டான்.

வழக்கு நடந்தது. குழந்தை சாட்சி சொன்னது. பெரியவர்கள் நிறைந்த அறை, கறுப்பு அங்கிகள், கேள்விமேல் கேள்வி. திருடனுக்குத் தண்டனையும் கிடைத்தது.

பணம் மட்டும் திரும்பி வரவில்லை.

தண்டனை கொடுத்தார்களே, எங்களுக்கு என்ன கிடைத்தது? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. வளர்ந்து வக்கீலானார். 1967-ல் நட்டாலில் தனியாக வக்கீல் அலுவலகம் திறந்த முதல் கறுப்பினப் பெண் அவர். (அந்த ஊர் நிறவெறிக் கணக்கில் தமிழரும் வெள்ளையர் அல்லாதவர்தான்.) வக்கீலாக இருந்த இருபத்தெட்டு வருடமும் நீதிபதியின் அறைக்குள் அவர் காலடி வைக்க முடியாது. வெள்ளையருக்கு மட்டும். கடைசியில் நீதிபதியாகவே உள்ளே போனார்!

சரி, அருஷாவுக்குத் திரும்புவோம். ஜே பேசிக்கொண்டிருக்கிறார்.

அவர் பேசுவது கின்யர்வாண்டா. ஒரு கண்ணாடிக் கூண்டில் இருப்பவர் அதைப் பிரெஞ்சில் சொல்கிறார். இன்னொருவர் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் சொல்கிறார். கேள்வி ஆங்கிலத்தில் கிளம்பினால் இதே பாதையில் திரும்ப நடக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஓர் இடைவெளி. காதுக்கருவிக்குள் வெறும் இரைச்சல். அவ்வளவு பேரும் காத்திருக்க வேண்டும்.

கொலைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். சொல்கிறார். குற்றப்பத்திரிகையில் இருப்பவை அவைதான். கொலை, சித்திரவதை, இனப்படுகொலை.

அப்போதுதான் ஜே தானாக அதைச் சொன்னார்.

இன்டராஹாம்வே என்ற அந்தக் கொலைகாரக் கும்பல் அவர் வீட்டுக்கு வந்தது கொலை செய்ய. வந்தவர்களில் மூன்று பேர் அவருடைய மகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள்.

மகளுக்கு வயது ஆறு.

அதே ஆறு வயது! எழுதும்போது என் பேனா இங்கே நின்றது. நீதிமன்றக் குறிப்பு ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்தக் குழந்தையின் பெயர் எங்கும் இல்லை. ஜேக்காவது ஓர் எழுத்து இருக்கிறது. மகளுக்கு அதுவும் இல்லை.

இப்போது நீங்களே நீதிபதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் குற்றப்பத்திரிகை. அதில் பாலியல் வன்முறை என்ற சொல்லே கிடையாது. அரசுத் தரப்பு அந்தக் குற்றத்தைச் சுமத்தவில்லை. பெண்கள் இதைப் பேசமாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள். பேசச் சொல்லிக் கேட்டார்களா என்பது வேறு விஷயம். வழக்குக்குத் தொடர்பில்லை என்று கடந்து போனால், யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

மேடையில் இருந்தவர்கள் கடந்து போகவில்லை.

வக்கீல் கேட்காததை நீதிபதிகள் கேட்டார்கள். இந்த இடத்துக்கு வரும் சட்ட ஆசிரியர்கள் பலரும் ஒரு பெயரைத்தான் சொல்கிறார்கள். நவநீதம் பிள்ளை. உங்கள் மகளுக்கு நடந்தது போல மற்றவர்களுக்கும் நடந்ததா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா? கேள்வியின் சாரம் அவ்வளவுதான்.

கேள்வி பிரெஞ்சுக்குப் போனது. கின்யர்வாண்டாவுக்குப் போனது.

இரைச்சல்.

பதில் வந்தது. ஆமாம், கேள்விப்பட்டேன். இளம் பெண்களுக்கு நடந்தது. வட்டார அலுவலகத்தில்.

வட்டார அலுவலகம்!

யாருடைய அலுவலகம் அது? டாபாவின் தலைவருடையது. அடைக்கலம் தேடி நூற்றுக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் ஓடிவந்து முற்றத்தில் கிடந்த இடம். ஊரைக் காக்க வேண்டியவர் அன்றாடம் வந்துபோன இடம்.

அகாயேசு எங்கும் போகவில்லை. அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

இனப்படுகொலையைக் குற்றம் என்று உலக நாடுகள் எழுதி வைத்தது 1948-ல். நவநீதம் சாட்சிக் கூண்டில் ஏறியதற்குச் சற்றே பின்னால்! அன்றிலிருந்து அந்தச் சட்டத்தின்படி எந்தப் பன்னாட்டு நீதிமன்றமும் ஒரே ஒருவரைக்கூடத் தண்டித்ததில்லை. பெண்களைச் சீரழிப்பது ஓர் இனத்தையே அழிக்கும் ஆயுதம் என்று எந்த நீதிபதியும் எழுதியதும் இல்லை. இப்போது அருஷாவில் ஒரு கதவு லேசாகத் திறந்திருக்கிறது.

ஒரே சிக்கல்.

ஜே சொன்னது கேள்விப்பட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார். 'யாரோ சொன்னார்கள்' என்பதை வைத்து ஒரு மனிதனுக்கு ஆயுள் தண்டனை கொடுக்க முடியுமா? கண்ணால் பார்த்தவர் வேண்டும். அந்த முற்றத்தில் இருந்தவர் வேண்டும். அதோடு, அகாயேசு அங்கே இருந்தாரா, பார்த்தாரா, தடுத்தாரா?

(இடையில் அடையாறு வாசகிக்கு: மன்னிப்பைப் பற்றி எப்போது எழுதுவீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். வருகிறேன் அம்மா. மரத்தடிப் புல்லில் ஊரைக் கூட்டி நடந்த 'கச்சாச்சா' வழக்குகள் 2012 வரை போயின. கிட்டத்தட்ட 19 லட்சம் வழக்குகள். அப்பாவைக் கொன்றவனும் பிள்ளையும் ஒரே புல்தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அதற்கு முன்னால் இந்த அறையை முடித்துவிடுவோம்.)

ஜே எழுந்து போனார். வழக்கு நகர்ந்தது. சில வாரங்கள் ஓடின.

மறுபடி திரை இழுக்கப்பட்டது. இன்னொரு பெண். இவருக்கும் ஒரே எழுத்துதான். ஹெச்.

டாபாவின் வட்டார அலுவலகத்தைப் பற்றி இவரிடமும் கேட்டார்கள். கேள்வி ஒவ்வொரு மொழியாக இறங்கி அவர் காதைச் சேர்ந்தது. மீண்டும் அதே இரைச்சல்.

ஹெச் பேசத் தொடங்கினார். இவர் கேள்விப்பட்டவர் இல்லை.

அந்த முற்றத்திலேயே இருந்தவர்.

(அடுத்த வாரம்)