மொட்டைமாடி ஏரியலின் நூறாண்டு

சென்னை மாகாண ரேடியோ கிளப் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது 1924 ஜூலை 31 அன்று. முன்னின்று நடத்தியவர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி. பணமுடையால் 1927இல் கிளப் நின்றுபோக, அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியிடம் வந்து சேர்ந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. ஒலிபரப்பு இப்படிக் கைமாறிக்கொண்டே இருந்தாலும், கேட்பவர் வீட்டுக் கூரைமேல் இருந்தது ஒன்றுதான்: ஏரியல்.

அந்த ஏரியலில் பெரிய செலவு எதுவும் இல்லை. இரண்டு மூங்கில் கழிகள், நடுவே இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி, கம்பியின் மின்னோட்டம் கழியில் இறங்காமலிருக்க இரு முனையிலும் பீங்கான். இடமில்லாத வீடுகளில் செம்பு இழைகளை நாடாபோல் பின்னிய வலையைக் கூடத்தில் சுவருக்குச் சுவர் கட்டினார்கள். சென்னையும் திருச்சியும் மட்டுமல்ல, கடல் தாண்டி இலங்கை வானொலியும் அதில் வந்தது. மத்திய அலை நிலத்தை ஒட்டியே நெடுந்தூரம் செல்லும்; சிற்றலை வானில் பட்டுத் திரும்பி வரும். ஏரியலின் அளவு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பாட்டுக் கேட்டது.

தொலைக்காட்சி அப்படி விட்டுக்கொடுக்கவில்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கியபின் மாடிகளில் அலுமினியக் குழாய்கள் வரிசை கட்டின. ஜப்பானில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் 1926இல் உலகுக்கு அறிவித்த வடிவம் அது. குழாயின் நீளம் அலையின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும், முகம் ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்க வேண்டும், உயரமும் வேண்டும். மாடியில் ஒருவர் திருப்ப, கீழிருந்து ஒருவர் “தெரியுது, அப்படியே விடு” என்று கத்திய காலம் அது. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைத் தமிழகக் கடலோர வீடுகளும் பூஸ்டர் வைத்துப் பிடித்தன. 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகல மலையிலிருந்து அலை புறப்பட்டதே அதற்குக் காரணம்.

தொலைக்காட்சிக்கு ஏணியாகும் மலை, இடையில் நின்றால் மதிலாகும். திருவண்ணாமலையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அண்ணாமலை 814 மீட்டர் உயரம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்கால் மலைக்கு வடகிழக்கே, வேலூர்ச் சாலையில் இருப்பதால் சென்னைத் திசை திறந்து கிடக்கிறது. மேற்கே கிரிவலப் பாதையிலுள்ள அடிஅண்ணாமலைக்கோ கிழக்கே மலையே குறுக்கே நிற்கிறது. வேங்கிக்காலில் ஏரியல் வைப்பவர் தென்மேற்கை மறந்துவிட்டு மற்றத் திசைகளை நம்பலாம்.

தொண்ணூறுகளில் கேபிள் டிவி வந்ததும் அலுமினியக் குழாய்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. மாடிக்கு ஏரியலை மீண்டும் அழைத்தது, டிஜிட்டல் டிவி பார்க்கச் செய்த ஒரு சிறு யூ.எஸ்.பி. கருவி. அதைக் கணினியில் செருகினால் பரந்த அலைவரிசைகளைக் கேட்கலாம் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டறிந்தார்கள். அதுவரை அலைவரிசைகளைத் துழாவும் ஸ்கேனர் கருவிக்குச் செலவழித்த பணத்தில் சிறு பங்கே போதும் என்றானது.

இதற்கு எந்த ஆன்டெனா? எல்லா அலைவரிசையையும் துழாவ வேண்டுமென்றால் மேலே வட்டமும் கீழே கூம்புமாகக் கம்பிகள் விரியும் டிஸ்கோன் ஏற்றது. ஆனால் விலை கூடுதல். அமெச்சூர் வானொலியின் 144–146 மெகாஹெர்ட்ஸ் போன்ற ஒரே பட்டை போதுமென்றால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 75ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை நீளம் மீட்டரில் கிடைக்கும். அதில் ஐந்து விழுக்காடு குறைத்துக்கொண்டால் 145 மெகாஹெர்ட்ஸுக்கு 49 சென்டிமீட்டர். செங்குத்தாக ஒரு கம்பி, அதன் அடியில் சாய்வாக நான்கு கம்பிகள். இவ்வளவே. பழைய டிவி ஆன்டெனாவின் குழாய்கள் படுக்கையாக இருக்கும். வாக்கி டாக்கி அலைகளோ பெரும்பாலும் செங்குத்து. டிவி ஆன்டெனாவை அப்படியே மாட்டினால் ஒலி வெகுவாக மங்கும்.

மிச்சப் பணத்தை உயரத்துக்கும் ஒயருக்கும் போடுவதே சரி. கேபிள் டிவிக்காரர்கள் பயன்படுத்தும் ஆர்.ஜி.6 ஒயர், மெல்லிய ஆர்.ஜி.58ஐவிடக் குறைவாகவே அலையை இழக்கும், விலையும் எட்டும். காவல்துறை, ராணுவப் பேச்சுகளை ஒட்டுக்கேட்கக் கூடாது; அமெச்சூர் பட்டையில் அலை அனுப்ப உரிமம் வேண்டும். கம்பம் நடும்போது மின்வாரியக் கம்பி எட்டாத தூரத்தில் நடுங்கள், எர்த் கம்பியை மண்ணில் இறக்குங்கள், இடி இடிக்கும்போது ஒயரைக் கழற்றி வையுங்கள்.